‘மோட்டார் ரிப்பேர்’ என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

வாசகர் கேள்வி பதில்: வெளிநாட்டு வேலையும் எழுத்து ஆங்கிலமும்

கேள்வி: ராமநாதபுரம் பக்கத்து ஆள் நான். தோஹாவில் ஏசி டெக்னீஷியன். பேசுவதைச் சமாளித்துவிடுவேன், எழுதச் சொன்னால் கை நடுங்குகிறது. சூப்பர்வைசர் வேலைக்குத் தினமும் ரிப்போர்ட் எழுத வேண்டுமாம். பயிற்சிக்காக என் வேலையைப் பற்றியும், போன வெள்ளிக்கிழமை அல் ஸுபாரா கோட்டைக்குப் போனதைப் பற்றியும் எழுதி அனுப்பியிருக்கிறேன். திருத்தித் தருவீர்களா?
(வாசகர், தோஹா)

பதில்: தம்பி, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். முதல் வரி ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ்’. இந்தத் தப்பு உங்களுக்கு மட்டும் வருவதில்லை, தமிழில் யோசிக்கிற எல்லோருக்கும் வரும், ஏனென்றால் ‘ஆறு வருஷமாக வேலை செய்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில்தான் சொல்வோம், அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் அன்று தொடங்கி இன்றுவரை ஒரு கயிறு கட்ட வேண்டும்: ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்’. எவ்வளவு காலம் என்றால் ‘ஃபார்’. எந்த நாளிலிருந்து என்றால் ‘சின்ஸ்’, அதாவது ‘சின்ஸ் 2019’. அதே மாதிரி ‘பிஃபோர் டூ இயர்ஸ் ஐ ஜாயின்ட்’ என்பது ‘இரண்டு வருஷத்துக்கு முன்னாடி’யின் நேர் நகல். ‘ஐ ஜாயின்ட் டூ இயர்ஸ் அகோ’ என்று எழுதுங்கள். ‘டிஸ்கஸ்டு அபவுட்’ என்பதில் அந்த ‘அபவுட்’ வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம், போகப் போகச் சரியாகிவிடும். எனக்குப் பகீரென்றது உங்கள் நாலாவது வரிதான். ‘டுடே ஏஹெச்யூ மோட்டார் ரிப்பேர்.’ (ஏஹெச்யூ என்பது கட்டடத்துக்குள் குளிர்ந்த காற்றை அனுப்புகிற பெரிய ஏசி இயந்திரம்.)

நம் ஊரில் மோட்டார் ரிப்பேர் என்றால் மோட்டார் கெட்டுப்போச்சு. ஆங்கிலத்தில் ரிப்பேர் என்றால் கெட்டதைச் சரி செய்வது. உங்கள் ரிப்போர்ட்டைப் படிக்கிற பிலிப்பைன்ஸ்காரரோ நேபாளக்காரரோ அந்த வரியைப் பார்த்து, சரி, வேலை முடிஞ்சுது என்று நினைத்துக்கொள்வார். சிங்கப்பூரில் ஒரு ஷிப்யார்டில் நான் ஸ்டோரில் இருந்தபோது இது நிஜமாகவே நடந்தது. பாதுகாப்பு மூடி கழன்று ஆடுகிற கிரைண்டர் ஒன்றில் நான்தான் ‘ரிப்பேர்’ என்று அட்டை எழுதித் தொங்கவிட்டேன். நைட் ஷிப்டுக்கு வந்த மியான்மர் நண்பர், சரிசெய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து எடுத்துப் போய் ஓட்டிவிட்டார். கையுறை போட்டிருந்ததால் விரலில் சிராய்ப்போடு போயிற்று. மறுநாள் அவர் கையில் கட்டோடு வந்து நின்றதை நான் இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து நான் எழுதுவது ‘நாட் வொர்க்கிங்’, ‘டூ நாட் யூஸ்’. மூன்று வயதுக் குழந்தைக்கும் புரிகிற சொல்லாக இருக்க வேண்டும்.

ஆகவே உங்கள் வரியை இப்படி மாற்றலாம்: ‘த ஃபேன் இன் ஏஹெச்யூ த்ரீ இஸ் நாட் வொர்க்கிங். த பெல்ட் இஸ் ப்ரோக்கன். வீ வில் ஃபிட் எ நியூ பெல்ட் டுமாரோ மார்னிங்.’ என்ன ஆச்சு, ஏன் ஆச்சு, அடுத்து என்ன செய்யப் போகிறோம். மூன்றே வாக்கியம், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சேதி. ‘கரண்ட் போச்சு’ என்பதற்கு ‘நோ கரண்ட்’ என்று எழுதாமல் ‘நோ பவர்’ என்றும், ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்பதற்கு ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்றும் எழுதிப் பழகுங்கள். ‘டவுட்’ என்று எழுதினால், நீங்கள் அவரை நம்பவில்லை என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம் அந்தக் கோட்டை. ‘இட் இஸ் வெரி நைஸ் பிளேஸ். வீ என்ஜாய்டு.’ அவ்வளவுதானா? தோஹாவிலிருந்து நூறு கிலோமீட்டர் போல வண்டி ஓட்டிப் போயிருக்கிறீர்கள், இரண்டு வரியில் முடித்துவிட்டீர்களே! அந்தக் கோட்டை 1938இல் கட்டியது. மூன்று மூலையில் வட்டக் கோபுரம் இருக்கும், நாலாவது மூலையில் மட்டும் செவ்வகமாக இருக்கும், கவனித்தீர்களா? சுவர் ஒரு மீட்டர் கனம், உள்ளே போனதும் வெயில் சட்டென்று குறையும். பக்கத்தில் இடிந்து கிடக்கிற பழைய ஊர், முத்து வியாபாரத்தில் வாழ்ந்த ஊர். 2013இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நீங்களோ மன்னார் வளைகுடாக் கரைக்காரர், முத்துக்குளிப்பு உங்கள் ஊர்ப் பக்கத்துக் கதை. ‘மை க்ராண்ட்ஃபாதர்ஸ் பீப்பிள் ஆல்ஸோ டைவ்ட் ஃபார் பேர்ல்ஸ்’ என்று உண்மையாக எழுதக்கூடிய குடும்பங்கள் உங்கள் கரையில் உண்டு. உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்திருந்தால் அதை எழுதுங்கள், உடன் வேலை செய்கிறவர்களுக்குப் படிக்கக் கொடுங்கள், அவர்கள் கேள்வி கேட்பார்கள், நீங்கள் பதில் எழுதுவீர்கள். போய்வந்த கதை முழுக்க இறந்தகாலம் என்பதால் வென்ட், சா, டுக், கேம் எல்லாம் தானாகக் கைக்கு வந்துவிடும். ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை கத்தாரில் காலை 10 மணியிலிருந்து 3.30 வரை வெட்டவெளியில் வேலை கூடாது என்று சட்டம் இருக்கிறதே, அந்த நேரத்தில் ரூமில் இருந்தால் தூங்கி எழுந்து பத்து நிமிஷம் எழுதுங்கள், போதும்.

கேள்வி: நான் செவிலியர். இங்கிலாந்து போக ஓஇடி தேர்வு (மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு) மூன்று முறை எழுதிவிட்டேன். மற்றதில் எல்லாம் பி, ரைட்டிங்கில் மட்டும் சி. சி பிளஸ் வேண்டும். இலக்கணப் புத்தகம் முழுவதும் முடித்தாயிற்று, இனி என்னதான் செய்ய?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: புத்தகத்தை மூடி வையுங்கள் சகோதரி. ஓஇடி எழுத்துத் தேர்வில் ஒரு நோயாளியைப் பற்றிக் கடிதம் எழுதச் சொல்லி, ஆறு விஷயத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள், மொழி அதில் ஒன்றுதான். கடிதம் எதற்காக என்பது முதலிலேயே தெரிகிறதா, வேண்டியது இருக்கிறதா, வேண்டாதது விடப்பட்டிருக்கிறதா, மருத்துவக் கடிதத்துக்கு உரிய நடை இருக்கிறதா, ஒழுங்காக அடுக்கியிருக்கிறதா என்பதெல்லாம் மீதி ஐந்து. நம் பிள்ளைகள் பெரும்பாலும் விழுவது இரண்டாவது, மூன்றாவது இடத்தில். கேஸ் நோட்ஸில், அதாவது தேர்வில் கொடுக்கிற நோயாளிக் குறிப்பில், இருப்பதை எல்லாம் பயத்தில் அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். 180 முதல் 200 வார்த்தை வரை எழுதச் சொல்லும்போது, நோயாளியின் பூனை வளர்ப்பு வரை அதில் எதற்கு?

டியூட்டி முடிந்து வந்ததும் அன்று பார்த்த ஒரு நோயாளியை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர், ஊர், படுக்கை எண் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், இதில் சமரசமே கூடாது, வாட்ஸ்அப் குரூப்பிலும் போடாதீர்கள். இடுப்பெலும்பு முறிந்த ஒரு பாட்டி என்று வைத்துக்கொள்வோம். அவரைப் பற்றிப் பிசியோதெரபிஸ்டுக்கு ஒரு கடிதம், டயட்டீஷியனுக்கு ஒன்று, வீட்டுக்கு வந்து கட்டு மாற்றப் போகிற நர்ஸுக்கு ஒன்று. ஒரே பாட்டிதான், ஆனால் வீட்டில் எத்தனை படி ஏற வேண்டும் என்பது முதல் ஆளுக்கு உயிர்நாடி, இரண்டாவது ஆளுக்கு ஒன்றுமில்லை. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எதை விட வேண்டும் என்பது பளிச்சென்று தெரியும். தேர்வில் முதல் ஐந்து நிமிஷம் படிக்க மட்டும், அப்போது எழுதக்கூடாது, அதற்குப் பிறகு நாற்பது நிமிஷம் எழுத. வீட்டிலும் கடிகாரம் வைத்தே பழகுங்கள். உங்களுக்குக் கிடைக்கும், எனக்குச் சந்தேகமே இல்லை.

கேள்வி: மொழிபெயர்க்க ஆப் இருக்கிறதே, ஏன் சார் இவ்வளவு கஷ்டம்?
(வாசகர், திருப்பூர்)

பதில்: ஆப் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எரிவாயு ஆலை, சுத்திகரிப்பு ஆலை மாதிரி இடங்களில் பல நேரம் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், வொர்க் பெர்மிட்டை, அதாவது அன்றைய வேலையைத் தொடங்க வாங்குகிற அனுமதிச் சீட்டை, சில இடங்களில் கையால்தான் நிரப்ப வேண்டும். முதலில் நீங்களே எழுதுங்கள், அப்புறம் ஆப்பிடம் காட்டுங்கள், அது மாற்றியதை ஒரு நோட்டில் கையால் எழுதி வையுங்கள். ஒரு மாதத்தில் அதே நாலைந்து தப்புதான் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வெளிநாடு போனதில்லை, வேலைக்கும் போனதில்லை. ஆங்கிலத்தில் எதைப் பற்றி எழுதிப் பழகுவது? அண்ணன் மட்டும் மஸ்கட்டில் பேக்கரியில் இருக்கிறார்.
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: அண்ணன் இருக்கும்போது எழுத விஷயத்துக்கா பஞ்சம்? அவருடைய ஒரு நாளை நீங்கள் எழுதுங்களம்மா. ‘மை பிரதர் வொர்க் இன் மஸ்கட்’ என்றுதான் முதலில் வரும், ‘வொர்க்ஸ்’ என்று அந்தக் கடைசி எழுத்தைச் சேர்க்கக் கை மறக்கும். அவரைப் பற்றி இருபது வரி எழுதினால் ஹீ கெட்ஸ் அப், ஹீ மேக்ஸ், ஹீ செண்ட்ஸ் என்று அது படிந்துவிடும். நமக்கு ஆறரை மணி ஆகும்போது அங்கே ஐந்து. அந்த நேரத்தில் அடுப்பு எரிய ஆரம்பித்துவிட்டதா, மாவு பிசைவது யார், முதல் ரொட்டி வாங்க வருகிறவர் யார், சூட்டில் கை சுட்டதுண்டா என்று அவரிடம் ஆங்கிலத்திலேயே கேட்டு அனுப்புங்கள். அவரும் ஆங்கிலத்திலேயே பதில் போடட்டும், அவருக்கும் பயிற்சியாச்சு. அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது தமிழில் சொல்லுங்கள். பத்துக் கடிதம் சேர்ந்ததும் முதல் கடிதத்தையும் பத்தாவதையும் எனக்கு அனுப்புங்கள், இரண்டையும் திருத்தி அடுத்த இதழில் போடுகிறேன்.