மரியா கிடைக்கவில்லை, மதர் அபெஸ் கிடைத்தது

மேடம், வணக்கம்.

நான் திருச்சியில் ஒரு கான்வென்ட் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். இந்த வருட ஆண்டு விழாவுக்கு 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' மியூசிக்கலை ஆங்கிலத்திலேயே போடுகிறார்கள். சின்ன வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்கிறேன். பள்ளியில் எந்த விழா என்றாலும் பிரேயர் சாங் நான்தான் பாடுவேன். அதனால் கதாநாயகி மரியாவின் ரோல் எனக்குத்தான் என்று நானும் நினைத்தேன், வீட்டிலும் நினைத்தார்கள்.

ஆடிஷன் முடிந்து பட்டியல் ஒட்டினார்கள். மரியாவாக என் நெருங்கிய தோழி. எனக்கு மடத்துத் தலைவி மதர் அபெஸ் ரோல். மிஸ் என்னிடம், "உன் குரலில் ஒரு முதிர்ச்சி இருக்கிறது, அதனால்தான்" என்றார். அது பாராட்டா, சமாதானமா என்று தெரியவில்லை. நான் உயரம், கறுப்பு. தோழி நல்ல கலர். வகுப்பில் ஒருத்தி, "மரியான்னா அப்படித்தானே இருக்கணும்" என்று சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பாட்டி, "இத்தனை வருஷம் பாட்டு கத்துக்கிட்டது கிழவி வேஷம் போடவா?" என்கிறார். அப்பா, "பிளஸ் ஒன்ல இதெல்லாம் தேவையா, விட்டுடு" என்கிறார். ரிகர்சலில் தோழி பாடும்போது வயிறு எரிகிறது. அவள் நல்லவள், எனக்கு எதுவும் கெடுதல் செய்யவில்லை. அப்படியும் எரிகிறது. அதை நினைத்தாலே என் மேல் எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

இன்னொரு பயமும் உண்டு. எனக்கு ஒரு பெரிய பாட்டு இருக்கிறது. அதன் கடைசியில் மேலே போகும் இடத்தில் குரல் உடைகிறது. மிஸ், "நேராகப் பிடி, ஆட்டாதே" என்கிறார். எனக்குத் தானாகவே கமகம் வந்துவிடுகிறது. நாடகத்தில் நான் வருவதே சில காட்சிகள்தான். வருகிற கொஞ்ச நேரத்திலும் அசிங்கப்பட்டுவிடுவேனோ என்று தூக்கம் வருவதில்லை.

விட்டுவிடலாமா மேடம்? விடாமல் செய்வதாக இருந்தால் எப்படித் தயாராவது?

பெயர் வெளியிட விரும்பாத மாணவி, திருச்சி

*

அன்பு மாணவிக்கு,

உனக்கு ஓர் இழப்பு நேர்ந்திருக்கிறது. முதலில் அதை ஒத்துக்கொள்வோம். "சின்ன விஷயம்", "கிடைத்ததே பெரிசு" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லும்போது, அழ வேண்டிய அழுகையை அழ முடியாமல் போய்விடுகிறது. வருடக்கணக்கில் பயிற்சி செய்த ஒரு பெண் ஒரு வாய்ப்பை மனதார ஆசைப்பட்டாள், அது கிடைக்கவில்லை. வலிக்கத்தான் செய்யும். ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாலும் தப்பில்லை.

வயிற்றெரிச்சலைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். நாம் ஆசைப்பட்ட அதே பொருள், நமக்குப் பக்கத்தில், நமக்குப் பிடித்தவர் கையில் இருக்கும்போது வரும் உணர்ச்சி அது. முன்பின் தெரியாத ஒருத்திக்கு அந்த ரோல் போயிருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது. எரிகிறது என்பதால் நீ கெட்டவள் ஆகிவிட மாட்டாய். அவளைப் பற்றி மற்றவர்களிடம் குறை பேசுவது, காட்சியில் அவளை வேண்டுமென்றே தடுமாற விடுவது போன்றவை செயல்கள். அவை உன் கையில் இருக்கின்றன, நீ அவற்றைச் செய்யவும் இல்லை. இந்த உணர்ச்சி முழுதாக அடங்கிய பிறகுதான் வேலையை ஆரம்பிக்க வேண்டும் என்று காத்திருக்காதே. அது ஓரமாக இருந்துகொண்டே இருக்கட்டும், நீ வசனத்தை மனப்பாடம் செய். வேலையில் இறங்கியவர்களுக்கு இது மெல்ல மெல்லத் தணிவதைப் பல மாணவர்களிடம் பார்த்திருக்கிறேன்.

நிறத்தைப் பற்றி நீ எழுதியதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உன் மிஸ் மனதில் என்ன இருந்தது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. நிறம் பார்த்து ரோல் கொடுத்திருந்தால் அது தவறு. அந்தத் தவறைச் சுமக்க வேண்டியவர்கள் பெரியவர்கள், நீ இல்லை. ஆனால் வகுப்புத் தோழி போகிற போக்கில் சொன்ன ஒரு வரியை மிஸ்ஸின் தீர்ப்பாக நீ படித்துக்கொண்டிருக்கிறாய். நேராகவே கேட்டுவிடு. "மிஸ், என் ஆடிஷனில் எது நன்றாக இருந்தது? மரியாவுக்கு என்னிடம் எது போதவில்லை?" என்று, கூட்டம் இல்லாத நேரத்தில், அமைதியாக. உறுதியான பதில் வந்தால் அது உனக்கு அடுத்த ஆடிஷனுக்கு உதவும். மழுப்பலான பதில் வந்தால், அதை வீட்டில் அம்மாவிடமோ பள்ளி ஆலோசகரிடமோ சொல். இரவெல்லாம் ஊகித்துக்கொண்டு படுத்திருப்பதைவிட இரண்டுமே மேல்.

'குரலில் முதிர்ச்சி' என்பதைச் சமாதானம் என்று நினைக்கிறாய். இந்த ரோலின் வரலாறு எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசையமைத்து, ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன் பாடல் எழுதிய இந்த மியூசிக்கல் 1959 நவம்பரில் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறியது. மதர் அபெஸ்ஸாக அங்கே நின்றவர் பாட்ரீசியா நேவே, ஆபராப் பாடகி. அந்த ரோலுக்காக 1960இல் துணை நடிகைக்கான டோனி நாடக விருது வாங்கினார். 1965இல் வந்த படத்தில் இதே வேடத்தில் நடித்த பெக்கி வுட்டின் பெயர் துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரைக்குப் போனது. ஆனால் நீ பாடப்போகும் அந்தப் பெரிய பாட்டை ('கிளைம்ப் எவ்ரி மவுண்டன்') படத்தில் அவர் பாடவில்லை, மார்ஜரி மெக்கே என்பவர் பின்னணி பாடினார். மேடையில் பேர் வாங்கிய ஒரு நடிகைக்கே குரல் கடன் கொடுக்க வேண்டியிருந்த பாட்டு அது. வேறு எந்த ரோலுக்கும் பொருந்தாதவளின் கையில் அதைக் கொடுக்க எந்த ஆசிரியரும் துணிய மாட்டார்.

படத்தை மட்டும் பார்த்துத் தயாராகாதே, ஸ்கிரிப்ட்டை முழுதாகப் படி. படத்தில் இடி மின்னல் இரவில் மரியா குழந்தைகளோடு பாடும், பிடித்தமான பொருள்களைப் பற்றிய பாட்டு இருக்கிறதே, மேடை நாடகத்தில் அதை மரியாவும் மதர் அபெஸ்ஸும் சேர்ந்து பாடுகிறார்கள். சின்னப் பெண்ணாக இருந்தபோது தான் பாடிய பாட்டு அது, வார்த்தைகளைச் சொல்லு என்று மரியாவிடம் கேட்கிறார் மதர். அந்தச் சில நிமிடங்களுக்கு மடத்துத் தலைவியின் உள்ளே இருந்து ஒரு சிறுமி எட்டிப் பார்க்கிறாள். உங்கள் பள்ளி மேடை வடிவத்தைப் போடுவதாக இருந்தால் அந்தக் காட்சி உனக்கும் தோழிக்குமானது. முதல் பாதியும் உன் பாட்டோடுதான் முடிகிறது. நாடகமே கடைசியில் அந்தப் பாட்டின் மறுவரவோடுதான் நிறைவு பெறுகிறது.

அப்புறம், அந்தப் பெண்மணி யார் என்று யோசி. சால்ஸ்பர்க் நகரத்தின் நான்பெர்க் மடம் நிஜத்தில் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட பெனடிக்டைன் கன்னியர் மடம் அது. நிஜ மரியாவும் அங்கே துறவுப் பயிற்சியில் இருந்தவர்தான். கதை நடக்கும் 1938இல் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்குகிறது. நாடகத்தின் கடைசியில் நாஜிகளிடமிருந்து தப்பும் ஒரு குடும்பத்தையே மதர் அபெஸ் மடத்துக்குள் ஒளித்து வைக்கிறார். பிடிபட்டால் அவருக்கு என்ன ஆகும்? அவரை நம்பியிருக்கும் சகோதரிகளுக்கு என்ன ஆகும்? முன்பு ஒரு நாள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போன வீட்டிலிருந்து பயந்து ஓடிவந்த மரியாவுக்கு மடத்தில் ஒளிந்துகொள்ள இடம் தராமல் திருப்பி அனுப்பியவரும் இவர்தான். ஓரிடத்தில் கதவைத் திறக்கிறார், ஓரிடத்தில் அன்போடு வாசலைக் காட்டுகிறார். ஒரு நோட்டில் இந்த அம்மாவின் வாழ்க்கையை உன் சொந்தக் கற்பனையில் எழுதிப் பார். எந்த வயதில் மடத்துக்கு வந்தார், யாரை விட்டுவிட்டு வந்தார், மரியா மேல் மட்டும் ஏன் தனிப் பிரியம்? இதெல்லாம் வசனத்தில் வராது, உன் கண்ணில் வரும்.

வயதானவராகத் தெரிய வேண்டும் என்று கூன் போடாதே, குரலை நடுக்காதே. அதிகாரம் உள்ள பெண்மணிக்கு அவசரம் இருக்காது. நிமிர்ந்து நில், திரும்பும்போது மெதுவாகத் திரும்பு, தேவையில்லாமல் கையை ஆட்டாதே. உன் உயரம் இங்கே பெரிய பலம். எல்லாவற்றையும்விட முக்கியம், மரியா பேசும்போது கேட்பது. கச்சேரியில் பாடகர் ஆலாபனை செய்யும்போது வயலின்காரர் எவ்வளவு கூர்ந்து கேட்டால் அவர் பிடித்த பிடியை அப்படியே வாசித்துக் காட்ட முடியும்! அப்படிக் கேள். உன் அடுத்த வசனத்தை மனதுக்குள் ஓட்டிக்கொண்டு நின்றால் முகம் காலியாக இருக்கும், சபைக்குத் தெரிந்துவிடும். நீ உண்மையாகக் கேட்டால் உன் தோழியும் நன்றாக நடிப்பாள். அவளோடு தனியாக உட்கார்ந்து உங்கள் காட்சிகளைப் படித்துப் பார்க்க நீயே கூப்பிடு. ஒத்திகையில் வெளிப்படையான ஒரு வேலை இருவருக்கும் நடுவில் இருந்தால், பேச முடியாத மற்றது கொஞ்சம் லேசாகும்.

பாட்டுக்கு வருகிறேன். கமகம் வருவது உன் பயிற்சியின் அடையாளம், அதை எண்ணி வெட்கப்படாதே. தம்புராவோடு ஒரே ஸ்வரத்தை அசைக்காமல் நீளமாகப் பிடிக்கும் சாதகத்தை நீ செய்திருப்பாய். இந்தப் பாட்டின் வரிகளை முதலில் வார்த்தை இல்லாமல் அதே மாதிரி பாடிப் பழகு, அப்புறம் வார்த்தையைச் சேர். ஆங்கில மெய்யெழுத்துகளை அழுத்திச் சொல், இல்லாவிட்டால் கடைசி வரிசைக்கு வெறும் ராகம்தான் போய்ச் சேரும். மேல் ஸ்தாயியில் குரல் உடைகிறது என்றால் அடித்தொண்டையின் பலத்தோடேயே மேலே ஏற்றப் பார்க்கிறாய் என்று தோன்றுகிறது. உன் பாட்டு டீச்சரிடம் பாடிக் காட்டு. உன் வயதில் குரல் இன்னும் முதிர்ந்துகொண்டிருக்கிறது, முரட்டுத்தனமாக ஏற்றாதே. தொண்டை கட்டினால் பேச்சைக் குறை. கிசுகிசுப்பதும் ஓய்வு ஆகாது. இன்னொன்று, பலருக்கும் தோன்றாதது: கன்னியாஸ்திரி உடையின் தலைத்துணி காதை மூடும். அதோடு பாடினால் பியானோ மங்கலாகக் கேட்கும், சுருதி நழுவும். உடை தைத்து வரும்வரை காத்திருக்காமல் துப்பட்டாவைக் காதோடு இறுக்கிச் சுற்றிக்கொண்டு இப்போதிருந்தே பாடிப் பழகு.

படபடப்புக்கு ஒன்று சொல்கிறேன். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மற்றவர் முன் பாட வேண்டியவர்களில் சிலரை "பதற்றமாக இருக்கிறேன்" என்றும் சிலரை "உற்சாகமாக இருக்கிறேன்" என்றும் சொல்ல வைத்தார். உற்சாகம் என்று சொன்னவர்கள் நன்றாகப் பாடினார்கள். இதயத் துடிப்பு இரண்டிலும் ஏறத்தான் செய்கிறது. அதை அடக்கப் போராடாமல் "உடம்பு தயாராகிறது" என்று பெயர் மாற்றிக்கொள்வது எளிது. உன் காட்சிகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி இருக்கும். அப்போது போனைப் பார்க்காதே. தண்ணீர் குடி, வாயை மூடி மெல்ல ஹம் செய், மூச்சை உள்ளே இழுப்பதைவிட அதிக நேரம் வெளியே விடு. தூக்கமின்மை சில வாரங்களாகியும் தொடர்ந்தால் வீட்டில் சொல்லிவிட்டு 14416 என்ற டெலிமனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் பேசு. இலவசம், தமிழிலும் பேசலாம்.

விட்டுவிடலாமா என்று கேட்டாய். இப்போது விட்டால், கோபத்தில் விட்டதாக உனக்கே தோன்றும் என்று நினைக்கிறேன். அப்பாவிடம் ரிகர்சல் நேரங்களையும் படிக்கும் நேரங்களையும் ஒரே தாளில் எழுதிக் காட்டு. அவர் பயம் மார்க்கைப் பற்றியது. பாட்டியிடம் விவாதம் வேண்டாம். கதையைச் சொல், அந்தப் பாட்டைப் பாடிக் காட்டு.

இந்த வாரமே மிஸ்ஸிடம் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது, சுருதி. எத்தனை கட்டையில் உனக்கு வசதி என்று உனக்கே தெரியும். பாட்டை ஒரு கட்டை இறக்கிப் பாடலாமா என்று கேள், குரலுக்கு ஏற்பச் சுருதியை மாற்றுவது மேடையில் வழக்கம்தான். பியானோவில் வாசிப்பதாக இருந்தால் எளிதில் மாற்றலாம். பதிவுசெய்த டிராக்கை ஓடவிடுவதாக இருந்தால் அதை மாற்றி வாங்க அவர்களுக்கும் நாள் வேண்டும், புதிய சுருதியில் பழக உனக்கும் நாள் வேண்டும்.