ரெண்டு மாச வாடகை பாக்கியா? முதல்ல ஓனர் போனை எடுங்க

ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "வேலைல ஷிஃப்ட்ட குறைச்சுட்டாங்க, ரெண்டு மாச வாடகை பாக்கி, ஓனர் போன் பண்ணா எடுக்கவே பயமா இருக்கு. லோன் ஆப்ல வாங்கி அடைச்சுடலாமா? திடீர்னு வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்களா?"

லோன் ஆப் பக்கமே போகாதீங்க. வாரத்துக்கு 5 சதவீதம்னா சின்னதாத்தான் தெரியும், 52 வாரத்துக்குக் கணக்குப் போட்டா 260 சதவீதம், அதுவும் வட்டிக்கு வட்டி சேர்க்காமலே. இப்ப உங்ககிட்ட பணம் கேக்குறது ஒரே ஒரு ஆளு, அங்க வாங்கினா உங்க போன்ல இருக்குற சொந்தக்காரங்க நம்பருக்கெல்லாம் அடிச்சு மானத்தை வாங்குற ஆளுங்களும் இருக்காங்க.

ஓனர் போனை எடுங்க. வாடகை லேட்டாகுறதைப் பொறுத்துக்குற ஓனர்கூட போனை எடுக்கலைன்னா 'சரி, ஆளு ஓடப் பாக்குது'ன்னு முடிவு பண்ணிடுவாரு, அப்புறம் எது சொன்னாலும் எடுபடாது. ஆனா பேசுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல கணக்கு எழுதிடுங்க. சாப்பாடு, வாடகை, கரண்ட், வேலைக்குப் போய் வர்ற செலவு, இதெல்லாம் போக மிச்சம் இருந்தாத்தான் கிரெடிட் கார்டு. நிறைய பேர் இதைத் தலைகீழா பண்றாங்க, கார்டுக்காரன் தினம் பத்து தடவை கூப்பிடுறான்னு அவனுக்குக் கட்டிட்டு வாடகையை விட்டுடுறாங்க. கார்டு பாக்கிக்கு வட்டி ஏறும்தான், அவங்ககிட்டயும் தவணை கேளுங்க, ஆனா வாடகை பாக்கில போறது இருக்குற வீடு.

ரெண்டு மாச பாக்கியை 8 மாசத்துல அடைக்கணும்னா மாசா மாசம் வாடகையோட கால் பங்கு சேர்த்துக் கட்டணும். முடியாதுன்னா அரைக்கால் பங்கு, 16 மாசம் ஆகும், பரவால்ல. பெருசா சொல்லிட்டு அடுத்த மாசமே தவறுனா இருக்குற மரியாதையும் போயிடும். பேசி முடிச்சதும் ஒரு மெசேஜ் போட்டு வைங்க: "சார், இன்னைக்குப் பேசுன மாதிரி மாசம் 5ஆம் தேதிக்குள்ள வாடகையும் பழைய பாக்கில கால் மாச வாடகையும் சேர்த்து அனுப்பிடுறேன். ஓகேன்னா ரிப்ளை பண்ணுங்க." அந்த ரிப்ளைதான் நாளைக்கு உங்க கைல இருக்குற ஆதாரம். கொஞ்சமா கட்டினாலும் பேங்க் வழியா கட்டுங்க, கேஷ்னா எந்த மாச கணக்குன்னு எழுதி ரசீது வாங்குங்க. அட்வான்ஸ்ல கழிச்சுக்கச் சொல்றதும் கேட்டுப் பாக்கலாம், ஆனா அவர் ஒத்துக்காம நீங்களா கழிச்சுக்கக் கூடாது.

காலி பண்ற விஷயம். பெரும்பாலான இடங்கள்ல ஓனர் நினைச்ச உடனே பூட்டை மாத்தவோ சாமானைத் தூக்கி வெளிய வைக்கவோ சட்டம் விடாது, முதல்ல நோட்டீஸ், அப்புறம் கோர்ட்டுன்னு வரிசையா போகும். நோட்டீஸ் வந்தா பிரிக்காம பீரோ மேல போட்டு வைக்கிறதுதான் நான் திரும்பத் திரும்பப் பாக்குற தப்பு. அதுல இருக்குற தேதிக்குள்ள பதில் கொடுக்கணும், விசாரணைக்குப் போகலைன்னா உங்க பக்கத்தைக் கேக்காமலே தீர்ப்பு ஆயிடலாம். வக்கீலுக்குக் காசு இல்லைன்னா இலவச சட்ட உதவி மையத்துக்குப் போங்க.

உதவின்னு பாத்தா ஆபீஸ்ல சம்பள அட்வான்ஸ், யூனியன் இருந்தா அவங்க, அப்புறம் அரசாங்கத்தோட வீட்டு உதவித் திட்டங்கள், தொண்டு அமைப்புங்க. எங்க போனாலும் வாடகை அக்ரிமென்ட், ஷிஃப்ட் குறைஞ்சது தெரியுற சம்பள சீட்டு, ரசீதுங்க, நோட்டீஸ் இருந்தா அதோட காப்பி எல்லாம் கேப்பாங்க, ஒரே ஃபைல்ல போட்டு வைங்க. பணம் கைக்கு வர வாரக்கணக்குல ஆகலாம், அதனால நோட்டீஸ் வரட்டும்னு உக்காந்திருக்காம இப்பவே அப்ளை பண்ணுங்க, அப்ளை பண்ண சீட்டை ஓனருக்கும் ஒரு போட்டோ அனுப்பிடுங்க.