மட்டக்களப்பில் இருப்பவர் முதல் ஆர்.சி. ஹெலிகொப்டராக எதை வாங்கலாம்?

நீங்கள் கேட்டது இதுதான்: மட்டக்களப்பில் இருக்கிறீர்கள், இதுவரை ஆர்.சி. (ரிமோட்டால் இயக்கும்) ஹெலி எதையும் பறக்கவிட்டதில்லை. விளையாட்டுப் பொருள் கடையில் பார்த்த, லைட் எரியும் அரை மீற்றர் ஹெலியை வாங்குவதா, காசு சேர்த்து நேரே 450 சைஸுக்குப் போவதா? பழகின பிறகு கல்லடிக் கடற்கரையில் பறக்கவிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய, 4 சனல் (ஏற்ற இறக்கம், திருப்பம், முன்பின், பக்கவாட்டு என்று நான்கு கட்டுப்பாடு), ஒற்றை ரோட்டர் (மேலே சுற்றும் பெரிய காற்றாடி), 2.4 கிகாஹேர்ட்ஸ் ரிமோட் உள்ள சின்ன ஹெலி ஒன்றை உதிரிப்பாகங்களோடு சேர்த்து எடுங்கள். டபிள்யூ.எல். டோய்ஸ் வி911எஸ், ஆர்.சி. எரா சி129 போன்றவை இந்த வகை. விழும், உடையும், உடைந்ததை வீட்டு மேசையிலேயே மாற்றிவிட்டு மறுபடி பறக்கலாம். முதல் ஹெலிக்கு நான் பார்க்கும் முக்கியமான தகுதி அதுதான்.

கடையில் பார்த்தது பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு ரோட்டர் உள்ளதாக இருக்கும். இரண்டின் முறுக்கும் ஒன்றையொன்று அடித்துவிடுவதால் அது தானாகவே நேராக நிற்கும். வாலில் படுக்கையாக இருக்கும் சின்னக் காற்றாடி மூக்கை ஏற்றி இறக்குவதற்கு மட்டும். பக்கவாட்டில் சாய்க்கும் கட்டுப்பாடே கிடையாது. அதனால் த்ரொட்டிலும் (ஏற்றி இறக்கும் குச்சி) திருப்பமும் பழகலாம், அதற்கு மேல் ஒன்றும் பழக ஏலாது. பலவற்றின் ரிமோட் அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்வது. வெயிலில் சிக்னல் செத்துவிடும். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஹோலுக்குள் விளையாட நல்ல சாமான். உங்களுக்கு அல்ல.

450 பற்றி. அலைன் டி-ரெக்ஸ் 450 போன்றவற்றின் பிளேட் (ரோட்டரின் இறக்கை) ஒன்று சுமார் 325 மி.மீ. நீளம். நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றும்போது அதன் நுனி மணிக்கு 370 கி.மீ. அளவில் போகிறது. கையில் பட்டால் விரல் போகும், முகத்தில் பட்டால் கண் போகும். அது உயிர் ஆபத்து உள்ள யந்திரம் என்பதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. காசுக் கணக்கும் மோசம்: ஒரு தடவை குப்புற விழுந்தால் பிளேட் சோடி, மெயின் ஷாஃப்ட் (ரோட்டரைச் சுற்றும் நடு அச்சு), ஃபெதரிங் ஷாஃப்ட், மெயின் கியர், வால் பூம் (வால் தண்டு), ஒன்றிரண்டு சேர்வோ கியர் எல்லாம் ஒன்றாகவே போகும். அது ஒவ்வொன்றுக்கும் பார்சல் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

இனிக் காற்று. நம்மூர்க்காரர் ஹெலி வாங்குமுன் யோசிக்க வேண்டியது இதைத்தான். நான் சொன்ன சின்ன ஹெலியில் பிளேட்டின் சாய்வு மாறாது. மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் ஏறி இறங்கும். முன்னால் இருந்து ஒரு வீச்சுக் காற்று வந்தால் ரோட்டருக்குத் தூக்கு கூடி, ஹெலி தானாக மேலே கிளம்பும். பயந்து த்ரொட்டிலைக் குறைத்தால் ரோட்டர் வேகம் விழும். வேகம் விழுந்தால் சாய்த்துத் திருப்புவதற்கான பிடியும் அதோடு போய்விடும். உயரமும் இல்லை, பிடியும் இல்லை, காற்று கொண்டுபோகும். கடற்கரையில் இப்படிப் போனால் போய்ச் சேருமிடம் ஒன்றில் கடல், இல்லையேல் தென்னை வட்டு.

வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் சின்ன ஹெலியை வெளியே எடுக்கவே வேண்டாம். கச்சான் இல்லாத நாளிலும் பத்து மணிக்குப் பிறகு கடற்காற்று எழும்பிவிடும். கார்த்திகை, மார்கழியில் மழை. மிஞ்சுவது மாசி முதல் சித்திரை வரையான விடியற்காலைகள், கச்சான் ஓய்ந்து மழை தொடங்குமுன் வரும் கொஞ்ச நாள். விடிந்து ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் இலை அசையாமல் இருக்கும். அந்த நேரம்தான் உங்கள் நேரம். மற்றைய நாளெல்லாம் வீட்டு ஹோல். 4 மீற்றருக்கு 4 மீற்றர் வெற்றிடம் இருந்தால் போதும். சீலிங் ஃபேனை நிற்பாட்டுங்கள். வெக்கைக்கு மேசை ஃபேனைப் பக்கத்து அறையில் போட்டாலும் கதவு வழியாக வரும் காற்று ஹெலியைத் தள்ளும்.

கடற்கரையை முதல் வருடம் மறந்துவிடுங்கள் என்பேன். உப்பு ஒரு பக்கம் இருக்க, மணல் பெரிய எதிரி. கரையில் கறுப்பாகக் கோடு கோடாகக் கிடக்கும் மணலில் காந்தத்தில் ஒட்டும் கனிமத் துகள் உண்டு. மோட்டருக்குள் இருக்கும் காந்தம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு ஊதினாலும் தட்டினாலும் வராது. அறுவடை முடிந்த வட்டை (வயல்வெளி) நல்ல இடம், விழுந்தால் மெத்தென்று வாங்கும். ஆனால் அரிதாள் வால் காற்றாடியைப் பிடிக்கும். ஒரு பன்பாயை விரித்து அதிலிருந்தே ஏற்றி இறக்குங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றில் முதலாவது ரிமோட். 'மோட் 2' என்று இருக்க வேண்டும், அதாவது த்ரொட்டில் இடது கையில். மோட் 1 ஐ எடுத்துப் பழகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. இரண்டாவது, உயரத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் வசதி. சி129 போன்றவற்றில் காற்றழுத்தம் அளக்கும் சென்சார் இருக்கிறது. குச்சியை நடுவில் விட்டால் அதே உயரத்தில் நிற்கும். முதல் நாள் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஹெலிப் பழக்கத்தில் பாதி இடது கைப்பெருவிரலில் இருக்கிறது, அந்தப் பாதியை இந்த வசதி உங்களுக்காகச் செய்துவிடுகிறது. பெரிய ஹெலிக்குப் போக எண்ணம் இருந்தால் அந்த வசதி இல்லாததை எடுங்கள். சும்மா பின்னேரப் பொழுதுபோக்கு என்றால் அது உள்ளதே சுகம்.

மூன்றாவது, உதிரிப்பாகம். எந்த மொடலாக இருந்தாலும் அதன் பெயரோடு 'மெயின் ஷாஃப்ட்' என்று தேடிப் பாருங்கள். தனியாக விற்பனைக்கு இல்லையென்றால் அந்த ஹெலியை விட்டுவிடுங்கள். ஹெலியோடு சேர்த்தே எடுக்க வேண்டியவை: மெயின் பிளேட் 3 சோடி, வால் காற்றாடி 3, மெயின் ஷாஃப்டும் கியரும் தலா 2, வால் மோட்டர் பூமோடு 1, கால் சட்டம் 1. பற்றரி 3 அல்லது 4 வேண்டும். இவற்றில் வரும் லிபோ (லிதியம் பொலிமர்) பற்றரியை விமானத் தபாலில் அனுப்பக் கட்டுப்பாடு உண்டு. தனியாக ஓர்டர் பண்ணினால் வராமல் போகலாம். ஆகவே பெட்டிக்குள்ளேயே 3 பற்றரி வைத்து விற்கும் பொதியைத் தேடி எடுங்கள்.

முதல் பறப்பு. ஹெலியை மட்டமான தரையில் வைத்துப் பற்றரியைச் செருகுங்கள், லைட் மின்னி முடியும்வரை தொட வேண்டாம். ஹெலியின் சாய்வையும் சுழற்சியையும் உணரும் ஜைரோ தன் மட்டத்தை அப்போதுதான் பதிகிறது. கையில் பிடித்துக்கொண்டோ சாய்ந்த மேசையிலோ செருகினால் பிறகு எந்நேரமும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும். வால் உங்கள் பக்கம் பார்க்க, நீங்கள் 2 மீற்றர் பின்னால் நில்லுங்கள்.

புதியவர்கள் பயத்தில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே பிடித்து வைக்கப் பார்ப்பார்கள். அதுதான் கஷ்டமான உயரம். ரோட்டர் கீழே தள்ளும் காற்று தரையில் மோதித் திரும்பி வந்து ஹெலியை அங்கும் இங்கும் தள்ளும். தயங்காமல் இடுப்பளவுக்கு ஏற்றுங்கள், அங்கே அமைதியாக நிற்கும். ஒரு பற்றரி முழுவதும் வாலை உங்கள் பக்கமே வைத்து ஓரிடத்தில் நிறுத்தப் பழகுவது முதல் பாடம். அது சலிக்கும் அளவுக்கு வந்த பிறகு வாலை 45 பாகை வலமும் இடமும், பிறகு முழுப் பக்கவாட்டாக. மூக்கு உங்களைப் பார்க்கும் நிலையில் இடம், வலம் தலைகீழாகிவிடும். அநேகமான உடைவு அங்கேதான் நடக்கும். கணினி இருந்தால் ரியல்ஃப்ளைட், ஹெலி-எக்ஸ் போன்ற சிமுலேட்டரில் மூக்கு முன்னால் வரும் பாடத்தை முதலில் செய்துகொள்ளுங்கள். காற்றடிக்கும் மாதங்களை அதற்கு ஒதுக்கலாம்.

பிடி தவறுகிறது என்று தெரிந்த கணத்தில் த்ரொட்டிலை முழுக்கக் கீழே இழுங்கள். காப்பாற்றப் பார்க்க வேண்டாம். சுற்றாத பிளேட்டோடு ஒரு மீற்றரிலிருந்து விழும் 40, 50 கிராம் சாமானுக்கு ஒன்றும் ஆகாது. சுற்றிக்கொண்டே சுவரில் அடித்தால் கியர் பல்லும் ஷாஃப்டும் போகும்.

வால் படபடவென்று ஆடினால் முதலில் பிளேட் நுனியில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், மாற்றுவதானால் சோடியாகவே மாற்றுங்கள். பிளேட் பிடிக்கும் ஸ்க்ரூவை இறுக்கிப் பூட்டக் கூடாது: ஹெலியைச் சரித்துப் பிடித்தால் பிளேட் தானாக மெல்லத் தொங்க வேண்டும். பிறகு மெயின் ஷாஃப்டைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டுங்கள், வளைந்திருந்தால் நுனி துள்ளுவது கண்ணுக்குத் தெரியும். ஹெலி தானாகச் சுழலத் தொடங்கினால் வால் மோட்டரைப் பாருங்கள். தரையில் கிடக்கும் தலைமயிர் அதன் அச்சில் சுற்றிக்கொள்வது சர்வசாதாரணம். ஊசி நுனியால் கிளப்பி எடுத்தால் பாதி நோய் அதோடு தீரும். எடுத்தும் தீராவிட்டால் மோட்டர் தேய்ந்துவிட்டது. இந்தச் சின்ன மோட்டர்கள் உள்ளே உரசித் தேயும் பிரஷ் உள்ளவை, வால் மோட்டர்தான் முதலில் போகும். ஒரு பற்றரி முடிந்தால் 10 நிமிடம் ஆறவிட்டு அடுத்ததைப் போடுங்கள், மோட்டரின் ஆயுள் கூடும்.

லிபோ பற்றரி நிறைந்தால் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கினால் கெட்டுப்போகும். ஹெலி ஏறச் சோம்பினால் அத்தோடு நிறுத்துங்கள். 300 மில்லி அம்பியர் மணி பற்றரியை 0.3 அம்பியரில் சார்ஜ் பண்ணுவது பாதுகாப்பான அளவு. பழைய ஃபோன் சார்ஜரின் வயரை நேரே ஒட்டி ஏற்றும் வேலை வேண்டவே வேண்டாம். ஆள் பார்த்திருக்க, சீமெந்துத் தரையிலோ ஓட்டிலோ வைத்து ஏற்றுங்கள். ஒரு கிழமைக்கு மேல் பறக்காவிட்டால் 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். நம் வெயிலில் மோட்டார்சைக்கிள் சீற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. உப்பிய பற்றரி முடிந்த பற்றரி.

ஹோலுக்குள் பறப்பதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வெளியில் பறப்பதாக இருந்தால், இலங்கைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் ஆளில்லா விமான விதிகளை முதலில் கேட்டறிந்துகொள்ளுங்கள். காரணம் உண்டு: 2018 இல் சிவில் சேவைக்குத் திறந்த மட்டக்களப்பு விமான நிலையம் திமிலைதீவில், நகரத்தை ஒட்டியே இருக்கிறது. அம்பாறைப் பக்கத்தவர்களுக்கு உகணை விமானத் தளம் அப்படி. 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகு ட்ரோன் பறப்பதை நாடு முழுவதும் நிறுத்தி வைத்திருந்தார்கள். மட்டக்களப்பு அந்த நாளில் அடி வாங்கிய ஊர்; ரிமோட்டோடு ஒருவர் நின்றால் சனம் திரும்பிப் பார்க்கும். வட்டையில் பறப்பதானால் காணிக்காரரிடமும் கிராம சேவகரிடமும் முதலே சொல்லி வையுங்கள்.

மூக்கு உங்களைப் பார்க்க ஒரு பற்றரி முழுவதும் விழாமல் நிறுத்த முடிந்தால் அடுத்த ஹெலிக்குத் தயார். அப்போது பிளேட் சாய்வு மாறும் 6 சனல் வகை: எக்ஸ்.கே. கே110 சின்னது, காற்றையும் ஓரளவு தாங்கும். காசு கூட இருந்தால் ஓ.எம்.பி. ஹொபி எம்2, ரோட்டர் சுமார் 40 செ.மீ. கல்லடி ஆசையை அப்போது ஒரு அமைதியான விடியலில், ஈர மணலில் பாய் விரித்து நிறைவேற்றலாம். கே110 இல் 3டி, 6ஜி என்று ஒரு சுவிட்ச் இருக்கும்; 6ஜி இலேயே வையுங்கள், அதில் குச்சியை விட்டால் ஹெலி தானாக நிமிரும். மோட்டரை உடனே நிறுத்தும் த்ரொட்டில் ஹோல்ட் சுவிட்ச் எந்த விரலுக்குக் கிட்ட என்பதை மோட்டர் சுற்றுமுன் கண்ணை மூடித் தட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.