ஹிட்ஸ் வேறு, ஆள் வேறு: இணையதளக் கேள்வி-பதில்

கூகுள் தேடலில் நம் சைட்டின் கணக்கைக் காட்டும் சர்ச் கன்சோலில் இம்ப்ரெஷன் 4,000, கிளிக் 12 என்று காட்டுகிறது. மீதிப் பேர் எங்கே போனார்கள்?
– வாசகர், செங்கோட்டை

அவர்கள் உங்களிடம் வரவே இல்லை. தேடல் முடிவுகளில் உங்கள் பக்கம் 4,000 தடவை தலைகாட்டியது, 12 தடவை தட்டினார்கள், அவ்வளவுதான். 4,000 என்பது தடவைக் கணக்கு. ஒரே ஆள் பத்து தடவை தேடியிருக்கலாம். சராசரி பொசிஷன், அதாவது முடிவுகளில் எத்தனையாவது இடம் என்பது, அதே திரையில் இருக்கும், பாருங்கள். 30, 40 என்றால் அவ்வளவு தூரம் உருட்டிப் பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது. 5, 6-ல் இருந்தும் தட்டவில்லையென்றால் தலைப்பை மாற்றி எழுதுங்கள்.

என் சைட் கூகுளில் வரவில்லை. என்ன காரணம்?
– பெயரும் ஊரும் இல்லை

சைட்டின் முகவரியும் இல்லை. எதைத் தேடிப் பார்த்தீர்கள் என்றும் எழுதவில்லை. இதை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல? சர்ச் கன்சோலில் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன் என்று ஒரு கட்டம் இருக்கிறது. உங்கள் பக்கத்தின் முகவரியை அதில் போடுங்கள். கூகுளின் இன்டெக்ஸில், அதாவது அதன் பட்டியலில், இருக்கிறதா, இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று அதுவே சொல்லும். இன்டெக்ஸில் இருந்தும் கண்ணில் படவில்லையென்றால் அது ரேங்கிங் (முடிவுகளின் வரிசையில் பின்தங்கும்) பிரச்சினை, வேறு வைத்தியம். கன்சோல் கணக்கு உங்கள் சொந்த ஈமெயிலில் இருக்கட்டும், சைட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்டின் ஈமெயிலில் வேண்டாம்.

தேனும் நேந்திரங்காய் சிப்ஸும் விற்கிறோம். மாதம் 50,000 ஹிட்ஸ் வருகிறது என்று ஏஜென்ட் ரிப்போர்ட் தருகிறார். ஆர்டர் என்னவோ நாலைந்துதான். மக்கள் பார்த்துவிட்டு ஏன் வாங்காமல் போகிறார்கள்?
– வாசகர், மார்த்தாண்டம்

இந்த ஹிட்ஸ் கணக்கை எத்தனை வருடமாகத்தான் எழுதுவது! பக்கம் திறக்கும்போது சர்வரிடம் கேட்கப்படும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஹிட் விழும். உங்கள் முகப்புப் பக்கத்தைத் திறந்து எண்ணினேன். தேன் பாட்டில், தேனீப் பெட்டி, சிப்ஸ் பொட்டலம் என்று 31 படங்கள். எழுத்துரு, ஸ்கிரிப்ட் கோப்புகளையும் சேர்த்தால் 40-ஐத் தொடுகிறது. ஆக, ஒருவர் ஒரு தடவை திறந்தாலே 40 ஹிட்ஸ். 50,000-ஐ 40-ஆல் வகுத்தால் 1,250 பக்கப் பார்வை. ஆளுக்கு மூன்று பக்கம் என்று வைத்தால் சுமார் 400 வருகை. அதிலும் கூகுள்பாட், பிங்பாட் மாதிரி தேடுபொறிகளின் ரோபோ நிரல்கள் ஒரு பங்கு, உங்கள் கடைப் பிள்ளைகள் தினமும் திறந்து பார்ப்பது ஒரு பங்கு. நாலைந்து ஆர்டர் ஏன் என்று இப்போது விளங்கும்.

குலசேகரத்தில் என் சித்தப்பாவின் ரப்பர் நாற்றுப் பண்ணைக்கும் இதே மாதிரி ரிப்போர்ட் வந்துகொண்டிருந்தது. கலர் பிரிண்ட், மேலே ஏறும் அம்புக்குறி. அதைக் கல்லாப்பெட்டிக்கு மேல் ஒட்டி வைத்திருந்தார். இணையப் பக்கத்தில் போட்டோக்களைக் கூட்டக் கூட்ட ஏறிய எண் அது. ஒரு நாற்று கூடுதலாக விற்கவில்லை. ஏஜென்டை நிறுத்தப் போனபோதுதான் தெரிந்தது, டொமைனே, அதாவது சைட்டின் முகவரியே, அந்த ஆள் பெயரில் இருக்கிறது. ஊருக்கெல்லாம் பழகிப்போன முகவரியை விட்டுவிட்டு வேறு பெயரில் முதலிலிருந்து தொடங்கினோம். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அடுத்த மாதம் உங்கள் ஏஜென்டிடம் மூன்று எண் மட்டும் கேளுங்கள்: யூசர்ஸ் (வந்த ஆட்கள்) எத்தனை, ஆர்கானிக்கில் (விளம்பரம் இல்லாமல் தேடல் வழியாக) வந்த செஷன் (வருகை) எத்தனை, வாட்ஸ்அப் பட்டனைத் தட்டியவர்கள் எத்தனை. ‘கூகுளில் முதலிடம் கேரண்டி’ என்றும் எழுதித் தந்திருக்கிறாராம். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. டொமைன், வருகையைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் இரண்டையும் இன்றைக்கே உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

பவுன்ஸ் ரேட் 70 சதவீதம். பயப்பட வேண்டுமா?
– ஹோம்ஸ்டே நடத்துபவர், குமுளி

பவுன்ஸ் என்றால் வந்த வேகத்தில் திரும்பிப் போன வருகை. பழைய அனலிட்டிக்ஸ் 2023 ஜூலையோடு நின்றுவிட்டது. அந்தக் காலத்து அர்த்தத்தை மறந்துவிடுங்கள். இப்போது 10 விநாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, நீங்கள் கீ ஈவென்ட் (முக்கியச் செயல்) என்று குறித்த ஒன்றைச் செய்தாலோ அது பவுன்ஸ் ஆகாது. வந்ததும் போன் நம்பரைத் தட்டி உங்களைக் கூப்பிடுகிறவர் நல்ல வாடிக்கையாளர், ஆனால் கணக்கில் பவுன்ஸ் ஆகிவிடுவார். போன் தட்டுவதைக் கீ ஈவென்டாக வையுங்கள். எண் தானே இறங்கும்.

தமிழும் மலையாளமும் ஒரே பக்கத்தில் கலந்து போடலாமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

வேண்டாம். மொழிக்கு ஒரு பக்கம், தனித்தனி முகவரி. பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை வைத்துத்தான் கூகுள் மொழியை முடிவு செய்கிறது. இரண்டு பக்கத்தையும் ஹெச்ரெஃப்லாங் குறியால் இணையுங்கள்; ஒன்று மற்றதன் வேறு மொழி வடிவம் என்று கூகுளுக்குச் சொல்லும் குறி அது. மலையாளத்தை மெஷினில் மாற்றி அப்படியே ஒட்டாமல், பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் ஒரு தடவை வாசிக்கக் கொடுங்கள்.

மெட்டா கீவேர்ட்ஸ் எத்தனை போடலாம்?
– வாசகர், சித்தூர்

பக்கத்தின் கோடுக்குள் வாசகர் கண்ணில் படாமல் எழுதும் அந்தச் சொல் பட்டியல் ஒன்றும் வேண்டாம். ரேங்கிங்குக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

‘டைரக்ட்’ என்று 60 சதவீதம் காட்டுகிறது. இத்தனை பேரா முகவரியை மனப்பாடம் செய்து அடிக்கிறார்கள்?
– வாசகர், போடி

இல்லை. எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாதவர்களை எல்லாம் அனலிட்டிக்ஸ் அந்தப் பெட்டியில்தான் போடும். உங்கள் ஏலக்காய் விலைப்பட்டியலை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதாக எழுதியிருக்கிறீர்களே, பெரும்பாலும் அங்கிருந்து வந்தவர்கள்தான். லிங்கின் கடைசியில் யூடிஎம் என்ற அடையாளக் குறியைச் சேர்த்து, குரூப்புக்கு ஒரு பெயராகக் கொடுத்து அனுப்புங்கள். எந்தக் குரூப்பிலிருந்து எத்தனை பேர் என்று தனித்தனியாகப் பிரிந்து வரும். அதற்கும் அனலிட்டிக்ஸ் உங்கள் ஈமெயிலில் இருந்தாக வேண்டும்.