மூக்கு அழகுச் சிகிச்சைக்குப் பின் மூச்சடைப்பு: வீக்கம் வடியும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: மூக்குத்தண்டில் இருந்த மேட்டை நீக்க ஏழு மாதங்களுக்கு முன் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். தோற்றத்தில் குறையில்லை. ஆனால் வலது பக்கம் சரியாக மூச்சு வருவதில்லை. ஆழ்ந்து இழுத்தால் மூக்கின் பக்கச் சுவர் உள்ளே ஒட்டிக்கொள்கிறது. தினமும் இரவில் சொட்டு மருந்து விட்டால்தான் தூங்க முடிகிறது. இது வீக்கம்தானா?

பதில்: பக்கச் சுவர் உள்ளே ஒட்டிக்கொள்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் இதில் முக்கியமான குறிப்பு. வீக்கத்தால் வரும் அடைப்பு மெதுவாக மூச்சிழுத்தாலும் இருக்கும். முதல் சில வாரங்களிலேயே குறையவும் தொடங்கும். மூச்சை வேகமாக இழுக்கும்போது சுவர் சரிந்து பாதை மூடுகிறது என்றால், அதைத் தாங்கவேண்டிய குருத்தெலும்பு வலுவிழந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே, இன்னும் வீக்கம் என்றே எண்ணிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூக்கின் காற்றுப்பாதையில் மிகக் குறுகலான இடம், நடுச்சுவரும் மேல் பக்கக் குருத்தெலும்பும் சேரும் கோணம். பலருக்கு அது 10 முதல் 15 டிகிரிதான். மேட்டைச் சீவும்போது இவை இரண்டும் இணைந்திருந்த கூரைப் பகுதி நீங்குவதால், அந்த இணைப்பு மறுபடி சீராக அமைக்கப்படாவிட்டால் பக்கக் குருத்தெலும்பு உள்ளே சாய்ந்து, ஏற்கெனவே குறுகலான வழியை மேலும் நெருக்கிவிடும். நுனியை மெலிதாக்க அங்குள்ள குருத்தெலும்பை அளவுக்கு மீறி வெட்டினாலும் நாசித்துவாரத்தின் ஓரம் துவண்டுபோகும்.

கண்ணாடி முன் நின்று, இடது துவாரத்தை நடுச்சுவர் நகராதபடி மென்மையாக மூடிக்கொண்டு, வலது கன்னத்தை விரலால் காதுப்பக்கம் இழுத்தபடி மூச்சிழுத்துப் பாருங்கள். காற்று தாராளமாக வந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் வேறு காரணங்களால் அடைப்பு உள்ளவர்களுக்கும் இதில் ஓரளவு நிம்மதி கிடைப்பதால், இதைக் கொண்டு மட்டும் முடிவெடுக்க முடியாது. காது மூக்கு தொண்டை மருத்துவர் மெல்லிய கருவியால் சுவரை உள்ளிருந்து தாங்கிப் பார்ப்பார். எண்டோஸ்கோப்பியில் நடுச்சுவர் வளைவு, ஒட்டுத்தழும்பு, துளை ஆகியவையும் தெரியும். மூச்சிழுக்கையில் விசில் ஒலி, அடிக்கடி பொருக்கு, ரத்தக்கசிவு இருந்தால் நடுச்சுவரில் துளை விழுந்திருக்கிறதா என்று தேடவேண்டும். சுவர் சரிவதை சி.டி. ஸ்கேன் காட்டாமல் போகலாம். ஸ்கேன் சரியாக இருக்கிறது என்பதால் உங்கள் சிரமம் பொய்யாகிவிடாது.

சொட்டு மருந்து எனக்குக் கவலையளிக்கிறது. ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகை மருந்துகளைச் சில நாட்களுக்கு மேல் விட்டால், அவையே உட்சவ்வை வீங்கச்செய்து புதிய அடைப்பை உண்டாக்கும். உங்களுடையது அவ்வகையா என்று மருத்துவரிடம் காட்டி, அதிலிருந்து விடுபடும் வழியைக் கேளுங்கள். கொதிக்கவைத்து ஆறிய நீரில் தயாரித்த உப்புக் கரைசலால் மூக்கைக் கழுவலாம். இரவில் மூக்கின் மேல் ஒட்டும் விரிப்புப் பட்டை உதவினால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குருத்தெலும்புத் துண்டு வைத்துத் தாங்கல் கொடுக்கும் மறு அறுவையைப் பெரும்பாலும் முதல் அறுவையிலிருந்து ஓராண்டு கழித்தே செய்வார்கள், தழும்பு இளகவேண்டும். துண்டை நடுச்சுவரிலிருந்தோ காதிலிருந்தோ, போதாவிட்டால் விலா எலும்பிலிருந்தோ எடுப்பார்கள். முதல் அறுவையின் குறிப்பேட்டை இப்போதே கேட்டு வாங்கிவையுங்கள். எங்கே எவ்வளவு வெட்டப்பட்டது, நடுச்சுவரில் குருத்தெலும்பு மிச்சமிருக்கிறதா என்பதை மறு அறுவை செய்பவர் அதிலிருந்தே அறியத் தொடங்குவார்.

அண்மையில் அறுவை செய்துகொண்ட மற்ற வாசகர்களுக்கு: முதல் சில நாட்களில் வலி கூடிக்கொண்டே போய் மூக்கு முழுதும் அடைத்தால், நடுச்சுவரில் ரத்தம் கட்டியிருக்கலாம், அதை உடனே வெளியேற்றாவிட்டால் குருத்தெலும்பு அழியும். குனியும்போது ஒரு பக்கம் தெளிந்த நீர் சொட்டினால், அது மூளையைச் சூழ்ந்த திரவமாக இருக்கக்கூடும். இரண்டிலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.