பழைய எஃப்எஸ்எக்ஸ் விமானம் புதிய சிமுலேட்டரில் ஏன் பறக்க மறுக்கிறது?

கேள்வி: மைக்ரோசாஃப்டின் பழைய விமான சிமுலேட்டரான எஃப்எஸ்எக்ஸுக்காக (ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்) முன்பு விலைக்கு வாங்கிய ஏர்பஸ் ஏ320 ஆட்-ஆனை (கூடுதலாக நிறுவும் விமானத் தொகுப்பை), மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-இல் வெளியார் தொகுப்புகளை வைப்பதற்கான கம்யூனிட்டி கோப்புறையில் நகலெடுத்து வைத்தேன். விமானப் பட்டியலில் அது வரவே இல்லை. மாற்றித் தரும் மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்திய பிறகு விமானம் வந்தது. ஆனால் காக்பிட் திரைகள் கறுப்பாகவே இருக்கின்றன. சரிசெய்ய முடியுமா, புதிதாகத்தான் வாங்க வேண்டுமா?

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். முதலாவது எளிதில் தீரக்கூடியது. இரண்டாவது பெரும்பாலும் தீராது.

2006-இல் வந்த எஃப்எஸ்எக்ஸில், சிம்ஆப்ஜெக்ட்ஸ் கோப்புறைக்குள் விமானத்தின் கோப்புறையை வைத்தாலே போதும். 2020 பதிப்பு அப்படிச் செயல்படுவதில்லை. கம்யூனிட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு தொகுப்பின் முதல் அடுக்கிலும் மேனிஃபெஸ்ட்.ஜேசன், லேஅவுட்.ஜேசன் என்னும் இரு கோப்புகள் இருந்தாக வேண்டும். இரண்டாவது கோப்பில், தொகுப்பில் உள்ள கோப்புகளின் இருப்பிடம், அளவு, தேதி ஆகியவை வரிசையாகப் பதிவாகியிருக்கும். அதில் இடம்பெறாத கோப்பு வட்டில் இருந்தாலும் சிமுலேட்டர் அதைக் கண்டுகொள்ளாது. புதிய வண்ணப்பூச்சு ஒன்றைக் கையால் சேர்த்துவிட்டு, விமானம் பழைய நிறத்திலேயே நிற்கிறது என்று பலர் திகைப்பதற்கும் இதுவே காரணம். ஜிப் கோப்பைப் பிரிக்கும்போது கோப்புறைக்குள் அதே பெயரில் இன்னொரு கோப்புறை உருவாகிவிட்டாலும் விமானம் பட்டியலில் வராது. நீங்கள் பயன்படுத்திய, மாற்றித் தரும் மென்பொருள் இந்த இரு கோப்புகளையும் உருவாக்கித் தந்ததால்தான் விமானம் தோன்றியது.

திரைகளின் நிலை வேறு. உங்கள் ஆட்-ஆனின் பேனல் கோப்புறையில் பேனல்.சிஎஃப்ஜி என்னும் கோப்பு இருக்கும். அதை நோட்பேடில் திறந்து, 'கேஜ்' என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள்; ஒவ்வொன்றும் ஒரு காக்பிட் கருவியைக் குறிக்கும். ஆச்சரியக்குறிக்கு முன்னால் உள்ள பெயர், அந்தக் கருவி எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்பதைச் சொல்லும். அந்தப் பெயரில் இருப்பது எக்ஸ்எம்எல் என்னும் உரை வடிவில் எழுதிய கருவிகள் அடங்கிய கேப் (சுருக்கிய தொகுப்பு) கோப்பு என்றால், புதிய சிமுலேட்டரில் அது இயங்க ஓரளவு வாய்ப்புண்டு. ஜிஏயு அல்லது டிஎல்எல் என்று முடியும் கோப்பு என்றால் வாய்ப்பே இல்லை. அவை சி மொழியில் எழுதப்பட்டு 32 பிட் நிரலாகத் தொகுக்கப்பட்டவை. 2020 பதிப்போ அத்தகைய நிரல்களை ஏற்ற முடியாத 64 பிட் மென்பொருள் என்பதோடு, வெளியார் எழுதும் கருவிகளை வெப்அசெம்ப்ளி அல்லது ஹெச்டிஎம்எல் என்னும் இணையத் தொழில்நுட்ப வடிவில் மட்டுமே ஏற்கிறது. மூல நிரலை வைத்திருக்கும் தயாரிப்பாளர்தான் அதை மீண்டும் தொகுக்க முடியும். ஏ320 போன்ற விமானத்தில் விமானக் கணினி, தானியங்கி பைலட், திரைகள் என எல்லாமே இத்தகைய நிரல்களில் அடங்கியிருப்பதால், மாற்றித் தரும் மென்பொருளால் வெளித்தோற்றத்தை மட்டுமே கொண்டுவர முடிகிறது. சிறிய செஸ்னாவாக இருந்திருந்தால் முயன்று பார்க்கச் சொல்லியிருப்பேன்.

பறக்கும் தன்மையும் அப்படியே வந்துவிடாது. புதிய இயற்பியல் முறை விமானத்தின் உடலையும் இறக்கைகளையும் பல பரப்புகளாகப் பிரித்துக் காற்றின் விசையைக் கணக்கிடுகிறது. இறக்குமதி செய்த விமானமோ முன்கூட்டியே எழுதி வைத்த எண்களின் பழைய அட்டவணைகளைக் கொண்டே பறக்கும்.

எனவே, பழைய ஆட்-ஆனை எஃப்எஸ்எக்ஸிலேயே வைத்துப் பறப்பதுதான் அதற்குச் செய்யும் நியாயம். புதிய சிமுலேட்டரில் ஏ320 வேண்டுமென்றால், பணம் செலவழிப்பதற்கு முன் ஃப்ளைபைவயர் குழுவின் ஏ32என்எக்ஸை நிறுவிப் பாருங்கள். திறந்த மூல முயற்சியான அது முற்றிலும் இலவசம். அதில் விமானக் கணினியைப் பழகிய பிறகும் கூடுதல் நுணுக்கம் தேவையென்று தோன்றினால், ஃபீனிக்ஸ் ஏ320 போன்ற கட்டணத் தயாரிப்பைப் பரிசீலிக்கலாம். எக்ஸ்பாக்ஸில் பறப்பவர்களுக்குக் கம்யூனிட்டி கோப்புறை கிடையாது. அவர்களுக்கு சிமுலேட்டருக்குள்ளேயே இருக்கும் கடையான மார்க்கெட்பிளேஸ் மட்டுமே வழி.

முகம் தெரியாத தளங்களில் கிடைக்கும் 'மாற்றப்பட்ட' விமானங்களைத் தொடாதீர்கள். உரிமச் சிக்கல் ஒருபுறமிருக்க, நிறுவியின் (இன்ஸ்டாலர்) உள்ளே என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. 2018-இல், கட்டணம் பெற்று விற்கப்பட்ட ஒரு ஏ320 ஆட்-ஆனின் நிறுவியிலேயே, திருட்டு நகல் வைத்திருப்பவர்களைப் பிடிப்பதற்கென்று, குரோம் உலாவியின் கடவுச்சொற்களை எடுக்கும் நிரல் சேர்க்கப்பட்டிருந்தது அம்பலமானது.

இப்போதைக்கு, மாற்றிய விமானத்தைக் கம்யூனிட்டியிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். அடுத்த புதுப்பிப்புக்குப் பின் சிமுலேட்டர் பாதியில் நின்றுபோனால், கம்யூனிட்டி கோப்புறையை முழுவதும் காலி செய்துவிட்டு, ஆட்-ஆன்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துச் சோதித்தால் எது காரணம் என்று தெரிந்துவிடும்.