கலிபோர்னியா ரூட் 49-ஐ ஒரே நாளில் முழுசாக ஓட்டிவிடலாமா?

கேள்வி இதுதான்: பே ஏரியாவில் இருக்கிறீர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், மாநில நெடுஞ்சாலை 49-ஐ ஓக்ஹர்ஸ்டில் தொடங்கி விண்டன் வரை ஒரே சனிக்கிழமையில் முடிக்க முடியுமா, வழியில் பார்க்க ஏதாவது உண்டா? ஏற்கெனவே வந்த ஒரு பதில், "முந்நூறு மைல்தானே, ஆறு மணி நேரம் போதும், காட்டைத் தவிர ஒன்றுமில்லை" என்கிறது. அதைப் படித்தபின் சும்மா போக மனசு வரவில்லை.

ஓட்ட முடியும். பின்சீட்டில் எழுபது வயதுக்காரர்களை உட்காரவைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். 49-ன் நீளம் சுமார் 295 மைல். வேகம் ஊர்களுக்குள் மணிக்கு 25 மைல், வெளியே வளைவுகளில் 20 முதல் 35, நேர்ச்சாலையில் 55. எல்லாம் சேர்த்து நாற்பதுக்கு மேல் சராசரி வராது. எங்கும் நிற்காமலே ஏழரை மணி நேரம். சான் ஹோசேயிலிருந்து ஓக்ஹர்ஸ்ட் போக மூன்று மணி, விண்டனிலிருந்து திரும்ப நாலரை மணி. மொத்தம் பதினைந்து. "நான் பன்னிரண்டில் முடித்தேன்" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: சந்தோஷம், உங்கள் வண்டியில் வயசானவர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

இந்த ரோடு ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்று புரிந்தால் மீதித் திட்டம் தானாக வந்துவிடும். சியாரா மலைத்தொடரின் ஆறுகள் எல்லாம் கிழக்கிலிருந்து மேற்கே இறங்குகின்றன. 49 தெற்கிலிருந்து வடக்கே போகிறது. மெர்செட், துவாலமி, ஸ்டானிஸ்லாஸ், மொகலமி, கொசும்னஸ், அமெரிக்கன், பேர், யூபா என்று ஒவ்வொரு ஆற்றுக்கும் மேட்டிலிருந்து இறங்கி, பாலம் கடந்து, மறுபடி ஏற வேண்டும். வசதி பார்த்துப் போட்ட ரோடு இல்லை இது. 1849-ல் தங்கம் தேடி வந்தவர்கள் போட்ட ஊர்களைக் கோத்த ரோடு. எண் 49 என்று வைத்ததும் அதனால்தான். தங்கப்பட்டை வடக்கு தெற்காக ஓடியது, ரோடும் அதன்மேலேயே ஓடுகிறது. உங்களுக்கு உதவுகிறவை இதைக் குறுக்கே வெட்டும் சாலைகள்: 140, 120, 4, 88, 50, 80, 20. ஏதாவது இரண்டைப் பிடித்து, ஒன்றில் ஏறி இன்னொன்றில் இறங்குங்கள். அதற்கு ஒரு நாள் தாராளம்.

பெற்றோருடன் ஒரே நாள் என்றால் சொனோராவிலிருந்து ஜாக்சன் வரை போதும். 580, 205, 120, 108 பிடித்து ஜேம்ஸ்டவுன் வாருங்கள். அங்கே ரெயில்டவுன் 1897 என்ற மாநில வரலாற்றுப் பூங்காவில் பழைய நீராவி எஞ்சின் கொட்டகை அப்படியே இருக்கிறது, அப்பாக்களுக்குப் பிடிக்கும். அடுத்து சொனோராவில் கவனம். 108 ஊரைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போகும், 49 அதிலிருந்து பிரிந்து ஊருக்குள் நுழையும். பலகையைத் தவறவிட்டால் 9,624 அடி உயர சொனோரா கணவாய்ப் பக்கம் ஏறிக்கொண்டிருப்பீர்கள். ஊருக்குள் வாஷிங்டன் ஸ்ட்ரீட்டில் வடக்கே போய், தெருக்கோடியில் சிவப்பு நிற மரத் தேவாலயம் தெரிந்ததும் 49 இடப்பக்கம் திரும்பும். தங்கவேட்டைக் காலத்து ஊரான கொலம்பியா 49-ன்மேல் இல்லை, சில மைல் விலகிப் பாரட்ஸ் ஃபெரி ரோட்டில் இருக்கிறது. கடைத்தெருவில் கார் விடுவதில்லை, தரை சமதளம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இந்தப் பாதையிலேயே நல்ல இடம்.

நியூ மெலோனஸ் ஏரிப்பாலம் தாண்டினால் கார்சன் ஹில். 1854-ல் 195 பவுண்டு எடையில் ஒரே தங்கக் கட்டி கிடைத்த குன்று, இப்போது ரோட்டோரப் பலகை ஒன்றுதான். ஏஞ்சல்ஸ் கேம்ப் தவளை தாண்டும் போட்டிக்குப் பேர்போனது. மே மாதம் கவுண்டி கண்காட்சி நடக்கும் வாரக்கடைசியில் அந்தப் பக்கமே போகாதீர்கள், இல்லை அதற்காகவே போங்கள். சான் ஆண்ட்ரியாஸ், மொகலமி ஹில் தாண்டி ஜாக்சன். இங்கே கென்னடி, ஆர்கனாட் என இரண்டு ஆழ்சுரங்கங்கள். கென்னடி 5,912 அடி ஆழம். ஆர்கனாட்டில் 1922-ல் தீப்பிடித்து 47 பேர் உள்ளேயே செத்தார்கள். சுரங்கக் கழிவை மேட்டுக்கு ஏற்றிய 58 அடி விட்ட மரச்சக்கரங்கள் ஜாக்சன் கேட் ரோட்டில் நிற்கின்றன. பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அளவு புரியும். அங்கிருந்து 88 பிடித்து ஸ்டாக்டன் வழியாக இருட்டுவதற்குள் வீடு.

ஜாக்சனுக்கு வடக்கே போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டர் கிரீக், அமடோர் சிட்டி இரண்டுக்கும் பைபாஸ் போட்டுவிட்டார்கள், இன்றைய 49 அந்த ஊர்களைத் தொடுவதே இல்லை. "ஒன்றுமில்லை" என்று எழுதியவர் பைபாஸில் போயிருப்பார் என்று சந்தேகம். 'ஓல்ட் ரூட் 49' பலகை பார்த்துப் பிரியுங்கள், ஊர் தாண்டியதும் மறுபடி சேர்ந்துகொள்ளலாம்.

இரண்டாவது துண்டு பிளேசர்வில்லிலிருந்து நெவாடா சிட்டி வரை. பிளேசர்வில்லில் 49 நெடுஞ்சாலை 50-ஐ மேம்பாலமில்லாமல் சிக்னலில் கடக்கிறது. ஞாயிறு மாலை டாஹோ ஏரிக்குப் போன கூட்டம் இறங்கும் நேரத்தில் அங்கே மாட்டினால் கஷ்டம், சனிக்கிழமை போங்கள். அடுத்த எட்டு மைலில் கொலோமா. 1848 ஜனவரி 24 அன்று ஜேம்ஸ் மார்ஷல் மர ஆலையின் வாய்க்காலில் தங்கத்தைப் பார்த்த இடம். மாநிலப் பூங்காவில் குறிப்பிட்ட கரையில் மட்டும், கையும் தட்டும் வைத்துத்தான் சலிக்கலாம். மண்வெட்டி கூடாது. தட்டைத் தண்ணீருக்குள் முழுக்க அமிழ்த்தி, முதலில் பக்கவாட்டில் ஆட்டுங்கள், கனமானது அடியில் போகும். பிறகு முன்விளிம்பைச் சாய்த்து மேல்மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக வழியவிடுங்கள். கடைசியில் கறுப்பு மணல் மிஞ்சும், இருந்தால் அதில்தான் இருக்கும். அவசரப்பட்டுச் சுழற்றினால் எல்லாம் ஆற்றோடு போய்விடும். அம்மாக்கள் கேட்கும் கேள்விக்கும் இங்கேயே பதில்: இல்லை, அங்கே தங்கம் மலிவில்லை. கண்ணாடிக் குப்பியில் விற்கும் துகள் நினைவுப்பொருள், பவுன் கணக்குக்கு ஒத்துவராது.

இங்கே கொஞ்சம் விலகுகிறேன். இந்தத் தளத்தில் எந்திர மொழிபெயர்ப்புப் பதில்கள் பெருத்துவிட்டன. ஏஞ்சல்ஸ் கேம்ப் 'தேவதைகளின் முகாம்', சைனீஸ் கேம்ப் 'சீன முகாம்', கொலோமாவுக்கு வடக்கே கூல் என்று ஓர் ஊர், அதை 'குளிர்ச்சி' என்று போட்டிருக்கிறார்கள். 'குளிர்ச்சியில் இடதுபுறம் திரும்பவும்' என்று படித்துவிட்டு எந்தப் பலகையைத் தேடுவது? தமிழில் எழுதுவதை நான் குறை சொல்லவில்லை, நானும் தமிழில்தான் எழுதுகிறேன். ஊர்ப்பெயரை ஊர்ப்பெயராக விடுங்கள் என்கிறேன்.

கூல் தாண்டி அமெரிக்கன் ஆற்றுச் சங்கமத்துக்கு ஒரே இறக்கம், உடனே ஆபர்னுக்கு ஏற்றம். கோடை வாரக்கடைசியில் குறுகலான ரோட்டோரமெல்லாம் கார் நிற்கும், மக்கள் திடீரென்று கதவைத் திறப்பார்கள். ஆபர்னிலிருந்து கிராஸ் வேலி வரை ரோடு அகலம், வேகமும் அதிகம். ஆனால் இடதுபுறம் திரும்பக் காத்திருக்கும் வண்டிகளைப் பார்த்துப் போங்கள். கிராஸ் வேலியின் எம்பயர் மைன் 1956-ல் மூடும்வரை தோண்டிய சுரங்கவழிகளின் நீளம் 367 மைல். 49-ஐவிட அதிகம். ஒரு பெயர்க்குழப்பமும் உண்டு: நெவாடா சிட்டி, நெவாடா கவுண்டி இரண்டும் கலிபோர்னியாவில்தான். நெவாடா மாநிலத்தில் தங்கும் அறையைப் பதிவுசெய்துவிட்டு முழிக்காதீர்கள்.

நெவாடா சிட்டியில்தான் பெரும்பாலோர் வழி தவறுகிறார்கள். ஃப்ரீவே முடியும் சிக்னலில் நேரே போவது 20. இடப்பக்கம் திரும்புவதுதான் 49. பேச்சு சுவாரஸ்யத்தில் நேரே போனால் ஐ-80-ல் கொண்டுபோய்விடும்.

மூன்றாவது துண்டு அங்கிருந்து விண்டன் வரை, நூறு மைலுக்கு மேல். உண்மையான 49 இதுதான் என்பேன். ஆனால் வழியில் ஒரு ராத்திரி தங்க வேண்டும். கிராஸ் வேலியிலேயே பெட்ரோல் முழுசாக நிரப்புங்கள், அடுத்த பங்க் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். மின்சாரக் காருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும், ஏற்றத்தில் சார்ஜ் கணக்கு தப்பும். போனில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். தென் யூபா பாலத்தடியில் பச்சை நிறத் தண்ணீர் அழகாக இருக்கும். மே, ஜூனில் அது உருகிய பனி, வேகமும் அதிகம். கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். இன்ஜினியரிங் படித்தவர்கள் கேம்ப்டன்வில்லில் வண்டியை நிறுத்தியே ஆகவேண்டும். லெஸ்டர் பெல்டன் தன் நீர்ச்சக்கரத்தை உருவாக்கிய ஊர் அது, நினைவுக்கல்லும் இருக்கிறது. 1932-ல் ஓடத்தொடங்கிய நம் நீலகிரி பைக்காரா நீர்மின் நிலையத்தில் சுற்றியது பெல்டன் சக்கரம்தான்.

டவுனிவில்லில் 49 ஒற்றைத்தட பாலம் ஒன்றைக் கடக்கிறது. எதிரே வண்டி பாலத்தில் ஏறிவிட்டால் நின்று வழிவிடுங்கள். இது சியாரா கவுண்டியின் தலைநகர். 2020 கணக்கெடுப்பில் கவுண்டி முழுக்கவே 3,236 பேர்தான். சாப்பாட்டுக்கடைகள் சீக்கிரம் மூடிவிடும், புளியோதரையும் தயிர்சாதமும் கையோடு இருக்கட்டும். மெக்ஸிகன் கடையில் பீன்ஸ் பரீட்டோ வாங்கினால் லார்டு, அதாவது பன்றிக்கொழுப்பு, சேர்ப்பார்களா என்று கேட்டு வாங்குங்கள். சியாரா சிட்டி தாண்டி யூபா பாஸ், சுமார் 6,700 அடி. இறங்கும்போது சியாரா பள்ளத்தாக்கு முழுசாக விரியும். சியாரா சிட்டி வேறு, சியாராவில் (Sierraville) என்ற ஊர் வேறு, இரண்டுக்கும் நடுவில்தான் இந்தக் கணவாய்.

தெற்குத் துண்டு, ஓக்ஹர்ஸ்டிலிருந்து சொனோரா வரை, யோசெமிட்டி போகும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் ஒரே ஒரு இடம் கவனிக்க வேண்டியது: பேர் வேலிக்கும் கோல்டர்வில்லுக்கும் நடுவே பாக்பி. சுமார் 2,000 அடியிலிருந்து மெக்ளூர் ஏரிமட்டத்துக்கு, ஆயிரம் அடிக்கும் கீழே, கொண்டைஊசி வளைவுகளில் இறங்கி மறுபடி ஏறுகிறது. தடுப்புச்சுவர் எல்லா இடத்திலும் இல்லை. இறக்கம் தொடங்கும் முன்பே கியரை 'எல்' அல்லது 'பி'-க்கு மாற்றுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறும், ஆயில் கொதித்து பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், அப்போது நினைத்து ஒன்றும் ஆகாது. தலைசுற்றல் உள்ளவர்களை முன்சீட்டில் உட்காரவையுங்கள், மினிவேனின் மூன்றாம் வரிசை கூடவே கூடாது. இஞ்சி மரப்பா கொடுங்கள். வழிகாட்டியில் வெறுமனே 'பேர் வேலி' என்று போட்டால் நெடுஞ்சாலை 4-ல் இருக்கும் பனிச்சறுக்கு ஊருக்குக் கூட்டிப்போய்விடும், மரிப்போசா கவுண்டி என்று சேர்த்துப் போடுங்கள். ஏற்றம் முடிந்து மொக்காசின் வந்தால், மலையிலிருந்து குழாய் இறங்கும் மின்நிலையம் தெரியும். ஹெட்ச் ஹெட்சி தண்ணீர் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகும் வழி அது, உங்கள் சமையலறைக் குழாயிலும் அதுவே வரலாம்.

எல்லாத் துண்டுக்கும் பொதுவாகச் சில. உங்களுக்குப் பின்னால் ஐந்து வண்டி சேர்ந்துவிட்டால், டர்ன்அவுட் (ரோட்டோரத்தில் ஒதுங்குவதற்கென்று விட்ட இடம்) வந்ததும் ஒதுங்கி வழிவிடுவது கலிபோர்னியாவில் சட்டம், தயவு இல்லை. "நான் லிமிட்டில்தானே போகிறேன்" என்று எட்டு வண்டியை இழுத்துக்கொண்டு போகும் நம்மவர்கள் நிறைய. பின்னால் இருப்பவர் தினமும் வேலைக்குப் போகிற உள்ளூர்க்காரர், காட்சி பார்க்க வந்தவர் இல்லை.

ரோட்டோரத்தில் முழங்கால் உயரத்துக்கு மெல்லிய வெள்ளைப் பட்டைகள் நட்டிருப்பார்கள். மேலே 49, அதன்கீழ் கவுண்டியின் சுருக்கெழுத்து, அதற்கும்கீழ் மைல் எண். அந்த எண் கவுண்டி எல்லையில் பூஜ்யத்திலிருந்து தொடங்கி வடக்கே போகப்போகக் கூடும், அடுத்த கவுண்டியில் மறுபடி பூஜ்யம். இந்த ரோடு பதினோரு கவுண்டிகளைத் தொடுவதால் எண்ணை மட்டும் சொன்னால் யாருக்கும் புரியாது. வண்டி நின்றுவிட்டால் மூன்று வரியையும் அப்படியே 911-க்குப் படியுங்கள். 'ஒரு பெரிய வளைவு, பக்கத்தில் பைன் மரம்' என்றால் அவர்கள் எங்கே தேடுவார்கள்?

நவம்பர் முதல் ஏப்ரல் வரை யூபா பாஸ் பக்கம் பனிச்சங்கிலி இல்லாமல் போகாதீர்கள். ஆர்-1 பலகை என்றால் பனி டயர் உள்ள கார் சங்கிலி மாட்டாமல் போகலாம், ஆர்-2 என்றால் நாலு சக்கரமும் இழுக்கிற, நாலிலும் பனி டயர் உள்ள வண்டிக்கு மட்டும் விலக்கு, ஆர்-3 என்றால் யாருக்கும் விலக்கில்லை. விலக்கு இருந்தாலும் சங்கிலி டிக்கியில் இருக்க வேண்டும். வாடகைக் காரென்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள், பல நிறுவனங்கள் சங்கிலி மாட்டவே விடுவதில்லை. கிளம்பும் காலையில் மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸின் குவிக்மேப் என்ற சாலைநிலை வரைபடத்தைப் பாருங்கள், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை காட்டுத்தீக்காகவும்.

விண்டனில் பெரிய வளைவோ வாசலோ எதிர்பார்க்காதீர்கள். வைக்கோல் வயலுக்கு நடுவே 49 போய் 70-ல் முட்டும், அவ்வளவுதான். வலப்பக்கம் திரும்பினால் ஹலேலூயா ஜங்ஷன், அங்கிருந்து 395-ல் தெற்கே ரீனோ. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் முன்னாலேயே சியாராவில்லில் 89 பிடித்து டிரக்கி இறங்குங்கள், இருபத்தைந்து மைலுக்குள் ஐ-80 வந்துவிடும்.